மூட்டு மாற்றிய காலில் ஈரம் கண்டால்...

கே.கே. நகர் உழவர் சந்தைக்குக் காய் வாங்க வருகிறவர்கள் திரும்பும் வழியில் அந்த மளிகைக் கடையில் பருப்பும் புளியும் வாங்கிப் போவது வழக்கம். 28 ஆண்டுகளாக நடக்கும் கடை. அண்ணாச்சி விடியற்காலை ஐந்து மணிக்கு காந்தி மார்க்கெட்டில் நிற்பார். ஏழு மணிக்கு கல்லாவில் இருப்பார். அந்தக் கடை ஒரு பொங்கல் பருவம் முழுவதும் பாதி நாள் திறந்தும் பாதி நாள் மூடியும் கிடந்தது. வெல்லமும் பச்சரிசியும் கேட்டு வந்தவர்கள் அடுத்த கடைக்குப் போய்விட்டார்கள். நாம் விசாரிக்கப் போனபோது அண்ணாச்சி உள்ளறையில் ஒரு காலை நீட்டியபடி கட்டிலில் கிடந்தார். அந்தக் காலில் முழங்கால் மூட்டே இல்லை. மூட்டு இருந்த இடத்தில் மருந்து கலந்த சிமெண்டுக் கட்டி ஒன்றை வைத்திருந்தார்கள்.

"எழுதுங்க, நாலு பேருக்குப் பயன்படட்டும். பேரு மட்டும் வேண்டாம்" என்றார். அவர் சொன்னதையும், அதையொட்டி மருத்துவர்களிடம் நாம் கேட்டறிந்ததையும் நம் வணிகப் பெருமக்களின் முன் வைக்கிறோம். நம்மில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களில் முழங்கால் வலி இல்லாதவர் யார்? நாள் முழுக்க நிற்பதும், மூட்டை தூக்குவதும், குத்துக்காலிட்டு உட்கார்ந்து சரக்குக் கட்டுவதும் நம் தொழிலோடு பிறந்தவை.

முழங்கால் மாற்று அறுவை என்பது ஒரு காலத்தில் நமக்குத் தொலைவான சங்கதி. 2000-ஆம் ஆண்டு அக்டோபரில் அன்றைய பிரதமர் வாஜ்பாயி மும்பை பிரீச் கேண்டி மருத்துவமனையில் இடது முழங்காலுக்கும், அடுத்த ஆண்டு ஜூனில் வலது முழங்காலுக்கும் இந்த அறுவையைச் செய்துகொண்டபோதுதான் பலரும் இதைக் கேள்விப்பட்டார்கள். இன்று திருச்சியிலேயே தனியார் மருத்துவமனைகளில் நடக்கிறது. புத்தூர் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையிலும் செய்கிறார்கள். நல்ல சிகிச்சைதான். படியேற முடியாமல் இருந்தவர்கள் மலைக்கோட்டை ஏறி உச்சிப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு வந்ததை நாமே அறிவோம். இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் அறுவைக்குப் பயந்து ஒதுங்க வேண்டாம். முதல் முறை செய்துகொள்பவர்களில் நூற்றுக்கு ஒருவர் அல்லது இருவருக்குத்தான் உள்ளே கிருமி தொற்றுகிறது. அந்த ஒருவரின் கதை இது.

நடந்தது என்ன?

அண்ணாச்சிக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை உண்டு. முதலில் பார்த்த எலும்பு மருத்துவர் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையை அறியும் ரத்தப் பரிசோதனையை எடுக்கச் சொன்னார். ஒன்பதுக்கு மேல் இருந்தது. "இதைக் குறைத்துக்கொண்டு மூன்று மாதம் கழித்து வாருங்கள்" என்று அனுப்பிவிட்டார். அண்ணாச்சிக்கு அது பிடிக்கவில்லை. வந்த வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்புகிறவர் என்ன டாக்டர் என்று நினைத்திருக்கிறார். ஆடி மாதம் வியாபாரம் மந்தம். அதற்குள் முடித்தால் தீபாவளிக்குக் கடையில் இருக்கலாம் என்பது அவர் கணக்கு. வேறோர் இடத்தில் உடனே செய்வதாகச் சொன்னார்கள். தேதி கொஞ்சம் தள்ளிப்போய் ஆவணி முதல் வாரத்தில் அறுவை நடந்தது. பதினான்காம் நாள் தையல் பிரித்தார்கள். மூன்றாவது வாரம் முடிந்ததும் கல்லாவுக்கு வந்துவிட்டார்.

நான்காவது வாரத்தில் ஒரு நாள் மாலை வேட்டியில் எட்டணா அளவுக்கு ஈரம். தையல் போட்ட கோட்டின் கீழ்முனையில் ஊசி முனை போல ஒரு துளை. அதிலிருந்து தண்ணீர் மாதிரி கசிந்தது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. தெருமுனை மருந்துக்கடைத் தம்பியிடம் காட்டினார்.

"ஒண்ணுமில்லண்ணே, தையல் புண்ணுதான். அஞ்சு நாள் மாத்திரை தர்றேன், காஞ்சிடும்" என்று அவர் ஒரு பட்டையைக் கொடுத்தார்.

காய்ந்தும் விட்டது! அதுதான் வினை. பத்து நாள் கழித்து மறுபடி ஈரம். மறுபடி மாத்திரை, இம்முறை கூடுதல் வீரியம். மறுபடி காய்ந்தது. மூன்றாம் முறையும் இதே கதை. நடுவில் ஆயுத பூஜை, அப்புறம் தீபாவளிச் சரக்கு. டாக்டரிடம் போனால் "படு" என்று சொல்லிவிடுவாரே என்ற பயம். தீபாவளி முடிந்த மறுநாள் இரவு முழங்கால் பலாப்பழம் போல் வீங்கிக் குளிர்க்காய்ச்சல் வந்த பிறகுதான் அறுவை செய்த மருத்துவரைத் தேடிப் போனார். முதல் ஈரம் கண்ட நாளிலிருந்து ஏழு வாரம் ஓடியிருந்தது.

மருத்துவர் மூட்டில் ஊசி போட்டு நீரை எடுத்துக் கிருமி வளர்ப்புப் பரிசோதனைக்கு அனுப்பினார். ஒன்றும் வளரவில்லை. வளராததற்குக் காரணம் கிருமி இல்லை என்பதல்ல. தின்ற மாத்திரைகள் அதை அரை மயக்கத்தில் வைத்திருந்தன. எந்தக் கிருமி என்று தெரியாமல் எந்த மருந்தைக் கொடுப்பது? எல்லா மாத்திரையையும் இரண்டு வாரம் நிறுத்திவிட்டுத் திரும்பவும் நீர் எடுத்தார்கள். அப்போதுதான் கிருமி பிடிபட்டது. அதற்குள் உலோகத்துக்கும் எலும்புக்கும் நடுவே பிடிப்புத் தளர ஆரம்பித்திருந்தது. புது மூட்டைக் கழற்றி எறிவதைத் தவிர வழியில்லை.

தொட்டிச் சுவரில் பாசி

ஒரு சாதாரணப் புண்ணுக்கு ஐந்து நாள் மாத்திரை போதும்போது இதற்கு ஏன் போதவில்லை? நாம் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

நம் உடம்பின் சதையில் ரத்தம் ஓடுகிறது. ரத்தத்தோடு மருந்தும் போகிறது, கிருமியைத் தின்னும் வெள்ளை அணுக்களும் போகின்றன. உலோகத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் ரத்த ஓட்டம் கிடையாது. சதையில் புண் வைக்க லட்சக்கணக்கில் கிருமி வேண்டும் என்றால், உள்ளே ஓர் அந்நியப் பொருள் இருந்துவிட்டால் சில நூறு கிருமிகளே போதும். பெரும்பாலும் இவை வெளியூர்க் கிருமிகள் அல்ல. நம் தோலிலும் மூக்கிலும் சாதுவாகக் குடியிருக்கும் ஸ்டெபிலோகாக்கஸ் இனம்தான்.

உலோகத்தில் ஒட்டியதும் அவை தம்மைச் சுற்றி ஒரு கொழகொழப்பான படலத்தைக் கட்டிக்கொள்கின்றன. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவியவர்களுக்கு இது புரியும். தண்ணீரில் மிதப்பதை பிளீச்சிங் பவுடர் போட்டுத் தெளிய வைத்துவிடலாம். சுவரில் ஏறிய பாசி பவுடருக்கு மசியாது, தேங்காய்நார் போட்டுத் தேய்க்கத்தான் வேண்டும். மாத்திரை செய்வது தண்ணீரைத் தெளிய வைக்கும் வேலை. கசிவு நிற்கும், வீக்கம் வற்றும், நாமும் சரியாகிவிட்டது என்று நம்புவோம். பாசி அங்கேயே இருக்கும்.

அந்தப் பாசி இளசாக இருக்கும்போதே, அதாவது அறிகுறி தோன்றி ஏறத்தாழ மூன்று நான்கு வாரங்களுக்குள் போனால், பல பேருக்கு மூட்டைக் கழற்றாமலே காப்பாற்ற முயலலாம். திறந்து, பல லிட்டர் மருந்து நீர் விட்டுக் கழுவி, கெட்ட சதையைச் சுரண்டி, நடுவில் உள்ள பிளாஸ்டிக் தட்டை மட்டும் மாற்றி, பிறகு பல வாரம் மருந்து கொடுக்கிறார்கள். நாள் கடந்து பாசி முற்றிவிட்டால் இரண்டு தவணை அறுவை. முதல் தவணையில் மூட்டைக் கழற்றி, மருந்து கலந்த சிமெண்டுக் கட்டியை வைத்துத் தைப்பார்கள். ஆறு வாரம் போல, கிருமிக்கு ஏற்ற மருந்து, அதுவும் பெரும்பகுதி ஊசி வழியாக. ரத்தப் பரிசோதனைகள் இறங்கு முகம் காட்டிய பிறகு இரண்டாம் தவணையில் வேறு மூட்டு. அண்ணாச்சி கட்டிலில் கிடந்தது இந்த இரண்டுக்கும் நடுவே.

அந்தச் சிமெண்டுக்கும் ஒரு வரலாறு உண்டு. எலும்போடு உலோகத்தை ஒட்டும் சிமெண்டில் ஜென்டமைசின் மருந்தைக் கலந்து பார்த்தவர் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்து மருத்துவர் புக்ஹோல்ட்ஸ். 1970 வாக்கில் வெளிவந்த யோசனை. இன்று உலகெங்கும் அது வழக்கம்.

ஆலைக்காற்று சொன்ன பாடம்

இன்றைய இடுப்பு மூட்டு மாற்று அறுவைக்கு அடித்தளம் போட்டவர் இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி. லங்காஷயர் மாவட்டத்தில் ரைட்டிங்டன் மருத்துவமனை அவர் களம். தொடக்கத்தில் அவர் மாற்றிய மூட்டுகளில் நூற்றுக்கு ஏழுக்கும் மேல் சீழ் பிடித்தது. அறுவைக் கூடத்துக் காற்றில் மிதக்கும் தூசியும், அங்கே நிற்கிறவர்களின் தோல் செதில்களும்தான் காரணம் என்று அவர் சந்தேகித்தார். அவர் உதவி கேட்டுப் போனது பஞ்சாலைகளுக்குக் காற்று வடிகட்டும் சாதனம் செய்த ஹோவர்த் என்ற நிறுவனத்திடம்! நூற்பாலையில் பஞ்சுத் தூசியை விரட்டத் தெரிந்தவர்கள் அறுவைக் கூடத்துக்குள் ஒரு கண்ணாடி அறை மாதிரி கட்டிக் கொடுத்து, வடிகட்டிய காற்றை மேலிருந்து கீழே இறக்கினார்கள். காற்றோடு உடை, தையல் முறை எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் பார்த்தார் சார்ன்லி. 1972-இல் அவர் கணக்கு வெளியிட்டபோது தொற்று நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே வந்திருந்தது.

அறுவைக் கூடத்தின் சுத்தம் மருத்துவமனையின் பொறுப்பு. அதைப் பற்றி நாமும் கேட்கலாம், தவறில்லை. மூட்டு மாற்றுக்கெனத் தனிக்கூடம் உண்டா, ஆண்டுக்கு எத்தனை செய்கிறீர்கள், உங்களிடம் தொற்று எத்தனை பேருக்கு வந்தது என்று கேட்டால் நல்ல மருத்துவர் கோபிக்க மாட்டார். சரக்கு வாங்கும்போது இதைவிடக் கூடுதலாகக் கேள்வி கேட்கிறவர்கள்தானே நாம்!

நம் பங்கு

போவதற்கு முன் நாம் சரிசெய்ய வேண்டியவை சில உண்டு. சர்க்கரைதான் முதன்மை. மூன்று மாதச் சராசரி எட்டுக்கு மேல் இருந்தால் பெரும்பாலான மருத்துவர்கள் தள்ளிப்போடுகிறார்கள். அப்படித் தள்ளிப்போடுகிறவர் நம்மைத் தட்டிக் கழிக்கவில்லை. சொத்தைப் பல், சிறுநீர்க் கடுப்பு, காலில் சேற்றுப்புண், குதிகால் வெடிப்பு இவற்றை முன்னாலேயே ஆற்றிக்கொள்ள வேண்டும். கடைக்குள் செருப்பில்லாமல் நிற்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. கல்லாப்பெட்டி லட்சுமி என்பதால் வந்த மரியாதை. அது இருக்கட்டும், வெடிப்புக்கு மருந்து போடுங்கள். புகை பிடிக்கிறவர்கள் சில வாரம் முன்பே நிறுத்தினால்தான் புண் சீக்கிரம் கூடும். விற்பது வேறு, பிடிப்பது வேறு!

இன்னொன்று பலருக்குத் தெரியாது. முழங்கால் வலிக்கு மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி. அதைப் போட்டு மூன்று மாதம் ஆகாமல் அறுவை செய்தால் தொற்று அபாயம் கூடுகிறது. எனவே ஊசி போட்ட தேதியை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அறுவைக்கு முதல் நாள் வீட்டிலேயே பிளேடால் காலை மழித்துக்கொண்டு போவதும் கூடாது. கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் கிருமி குடியேறும். மருத்துவமனையில் தேவைப்பட்டால் கத்தரிக்கும் இயந்திரத்தால் அவர்களே எடுத்துவிடுவார்கள்.

முடிந்து வந்த பிறகு எது சாதாரணம், எது ஆபத்து? மாற்றிய முழங்கால் சில வாரங்கள், சில மாதங்கள்கூட வெதுவெதுப்பாகவும் மாலையில் லேசாக வீங்கியும் இருக்கலாம். அதற்குப் பதற வேண்டாம். முதல் வாரம் தாண்டியும் கசிவு நிற்காமல் இருந்தாலோ, காய்ந்த புண் மறுபடி ஈரமானாலோ, குறைந்து வந்த வலி மறுபடி ஏறினாலோ, சிவப்பு பரவினாலோ, இரவில் படுத்திருக்கும்போதும் குத்தினாலோ அன்றைக்கே அறுவை செய்த மருத்துவரிடம் போக வேண்டும். காய்ச்சல் வரட்டும் பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாது. அண்ணாச்சிக்கு ஏழு வாரம் வரை காய்ச்சலே இல்லை. மஞ்சள் பற்று, எண்ணெய், பவுடர் எதையும் அந்தக் கோட்டில் போடாதீர்கள்.

ஓராண்டு, ஐந்தாண்டு கழித்துக்கூட இது வரலாம் என்பதைச் சொல்லாமல் விட முடியாது. காலில் ஒரு புண், பல்லில் ஒரு சீழ், முதுகில் ஒரு கட்டி என்று எங்கிருந்தோ ரத்தத்தில் ஏறிய கிருமி, நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும் செயற்கை மூட்டில் போய் உட்காரும். திடீரென ஒரே நாளில் அந்த மூட்டில் வலியும் வீக்கமும் வந்தால் சுளுக்கு என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

மருந்துக்கடை நண்பர்களுக்கு

அண்ணாச்சிக்கு மாத்திரை கொடுத்த தம்பி கெட்ட எண்ணத்தில் கொடுக்கவில்லை. தெரிந்தவர், டாக்டர் செலவை மிச்சப்படுத்துகிறோம் என்றுதான் கொடுத்திருக்கிறார். மருந்துக்கடைக்காரரும் நம்மைப் போல ஒரு வணிகரே. ஆனால் அவர் சரக்கு நம் சரக்கு அல்ல. பல ஆன்டிபயாடிக்குகளை ஹெச்-1 என்ற அட்டவணையில் சேர்த்து, 2014 மார்ச் 1 முதல் அவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது, விற்றால் நோயாளி பெயர், மருத்துவர் பெயர், அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று விதி வந்துவிட்டது. பட்டையின் ஓரத்தில் சிவப்புக் கோடு இருந்தால் அது சீட்டுக்கு மட்டும் தரவேண்டிய மருந்து என்று 2016-இல் மத்திய அரசு பிரசாரமும் செய்தது.

இந்த விதிகளுக்கு முன்னோடியாக ஒரு குரல் நம் தமிழகத்திலிருந்தே எழுந்தது. 2012 ஆகஸ்டில் சென்னையில் பல மருத்துவச் சங்கங்கள் ஒன்றுகூடி, மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகுவதைத் தடுக்கச் செய்ய வேண்டியவற்றைத் தீர்மானமாக எழுதினார்கள். 'சென்னைப் பிரகடனம்' என்றே அதற்குப் பெயர். சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் விற்பதைக் கட்டுப்படுத்துவது அதில் முக்கியமான ஒன்று. மளிகைக் கடைகளிலும் சிலர் தலைவலி மாத்திரையோடு இதையும் பாட்டிலில் போட்டு வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறோம். தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள்.

பணக் கணக்கு

வணிகர்களுக்குக் கணக்கு சொல்லாமல் முடித்தால் கட்டுரை முழுமை ஆகாது. 2017 ஆகஸ்ட் 16 அன்று தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் செயற்கை முழங்கால் மூட்டுகளுக்கு உச்ச விலை கட்டியது. அதுவரை சராசரியாக 1,58,324 ரூபாய்க்கு விற்ற கோபால்ட் குரோமியம் மூட்டு 54,720 ரூபாய் ஆனது. டைட்டானியம் வகை 2,49,251-இலிருந்து 76,600-க்கு இறங்கியது. எல்லாம் வரி நீங்கலாக. இடையில் எத்தனை கைக்கு எத்தனை கமிஷன் போயிருக்கும் என்பதை நம் வாசகர்கள் மனக்கணக்கிலேயே போட்டுக்கொள்வார்கள்! நாம் அரிசியில் கிலோவுக்கு ஒரு ரூபாய் ஏற்றினால் ஊரே கேட்கிறது.

அதே உத்தரவில் மறு அறுவைக்கான மூட்டுக்கு வைத்த விலை 1,13,950 ரூபாய். அதாவது கெட்டுப்போய் இரண்டாம் முறை போடும்போது பொருளின் விலை மட்டுமே இரண்டு மடங்குக்கு மேல். அதோடு இரண்டு அறுவைக் கட்டணம், ஆறு வார ஊசி மருந்து, படுக்கை வாடகை. அண்ணாச்சிக்கு முதல் செலவைப் போல இரண்டரை மடங்கு ஆனது. கடை நடக்காத நஷ்டத்தை அவர் பேரேட்டில் எழுதவே இல்லை. எழுத மனம் வரவில்லை என்றார்.

மருத்துவமனை பில்லில் மூட்டின் விலையைத் தனியாகக் காட்ட வேண்டும், கம்பெனி பெயரும் பேட்ச் எண்ணும் இருக்க வேண்டும் என்பதும் அந்த உத்தரவில் உண்டு. மூட்டுப் பெட்டியில் வரும் ஸ்டிக்கரை நோயாளியின் குறிப்பேட்டில் ஒட்டித் தருவார்கள். அதைக் கொள்முதல் பில்லைப் போலப் பத்திரமாக வையுங்கள். பிளாஸ்டிக் தட்டை மட்டும் மாற்ற வேண்டி வந்தால் அதே கம்பெனி, அதே அளவு வேண்டும். எது போட்டார்கள் என்றே தெரியாமல் வருகிற நோயாளியால் அறுவை ஒரு வாரம் தள்ளிப்போனதுண்டு என்று ஒரு மருத்துவர் நம்மிடம் வருத்தப்பட்டார்.

தனியார் காப்பீடு வைத்திருப்பவர்கள் பாலிசியைப் பிரித்துப் பாருங்கள். மூட்டுத் தேய்மானத்துக்கான மாற்று அறுவைக்குப் பல பாலிசிகளில் இரண்டாண்டு, சிலவற்றில் அதற்கும் கூடுதலான காத்திருப்புக் காலம் உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட சிறு கடைக்காரர்களும் கடைப் பணியாளர்களும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். மூட்டு மாற்று அறுவைக்கு அதில் இடம் உண்டு. புத்தூர் பெரியாஸ்பத்திரியிலேயே காப்பீட்டுப் பிரிவில் கேட்டால் விவரம் சொல்வார்கள்.

மாசி மாதக் கடைசியில் அண்ணாச்சிக்கு இரண்டாம் தவணை அறுவை முடிந்தது. சித்திரையில் நாம் மறுபடி போனபோது கைத்தடியுடன் கடை வாசல்வரை வந்து வரவேற்றார். முழங்கால் முன்போல முழுதாக மடங்குவதில்லை. காந்தி மார்க்கெட்டுக்கு இப்போது மகன் போகிறார்; கல்லாவில் பெரியவர், ஆனால் உயரமான நாற்காலி. அடுத்த காலும் தேய்ந்துதான் இருக்கிறது. அதையும் மாற்றுவீர்களா என்று கேட்டோம். மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு பரிசோதனைச் சீட்டை எடுத்துக் காட்டினார். மூன்று மாதச் சராசரி 7.2.

"இன்னும் ஒரு தடவை இதே மாதிரி வரட்டும். அப்புறம் தேதி கேக்கலாம். தீபாவளியெல்லாம் வருஷா வருஷம் வருதே" என்றார்.